பேசும் மாமரம்

'என் புருஷனுக்கு இன்னொரு கல்யாணம் உண்டா இல்லையா என்று இன்றைக்கு ஒரு மாமரம் சொல்லப் போகிறது. மரத்தைக் கேட்கிறவர்கள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.' வரிசையில் நின்ற பாஞ்சாலி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு, பெங்களூர் ஸ்ரீராம்புரத்து மாமரம் பேச ஆரம்பித்த வருஷம். அடிமரத்தில் காதை வைத்தால் உள்ளே கரகரவென்று குரல்; அம்மன் குரலாம். குரல் வந்தால் 'ஆகும்', வராவிட்டால் 'ஆகாது'. அம்மனுக்குத் தெரிந்தது இரண்டே வார்த்தை; மிச்சத்தை மரத்தடியில் குறி சொன்ன மரச்சாமி பேசினார். அடிமரத்துத் துளைவழியே உதிரும் தூள்தான் பிரசாதம். மல்லேஸ்வரத்திலிருந்து படித்தவர்கள் ஜட்கா வண்டியில் வந்தார்கள். அவர்களுக்குத் தனி வரிசை.

பாஞ்சாலி பழத்தோட்டத்துக் கூலிக்காரி. ஒரு புழு மரத்தைத் துளைத்தால் போதும், பின்னாலேயே எறும்பு, கறையான், குளவி என்று ஒரு கூட்டம் குடியேறும் என்பது அவளுக்குத் தெரியும். இங்கே பூக்கடை, தேங்காய்க்கடை, சுண்டல் வண்டி குடியேறியிருந்தன.

மாமியார் லட்சுமம்மா கைகூப்பினாள். “சாமி, ஆறு வருஷமாச்சி. இவளுக்குக் கொழந்த பொறக்குமா?”

சாமி பிரம்பால் மரத்தை மூன்று தட்டுத் தட்டினார். நிசப்தம்.

“ஆகாது!”

“அப்போ எம்புள்ள அய்யாவுக்கு வேற பொண்ணு கட்டலாமா?”

இப்போது பிரம்பு அக்குளிலேயே இருந்தது. சாமி கண்ணை மூடிக் காத்திருந்தார். கரகர.

“ஆகும்!”

பார்த்து வைத்திருந்த பெண் சாமியின் அக்கா மகள். அம்மனுக்கு அந்த விலாசம்கூடத் தெரிந்திருந்தது. அய்யாவு தரையைப் பார்த்தான். தரை ஒன்றும் சொல்லவில்லை.

“அதே கேள்விய இன்னொருவாட்டி கேளுங்க சாமி,” என்றாள் பாஞ்சாலி. “இந்தவாட்டி நான் தட்றேன்.”

அவர் வாயைத் திறப்பதற்குள் தட்டிவிட்டாள். முன்னால் நின்றவர்கள் அடிமரத்தில் காதை வைத்துக் கேட்டார்கள். சத்தமே இல்லை.

“அம்மனுக்குக் கோவம்!”

“கோவமில்ல சாமி. தட்னா புழு தின்றத நிறுத்திடும். எங்க தோட்டத்துலயும் அப்படித்தான்.”

தோட்டத்தில் புழு எடுக்க இடுப்பில் செருகியிருந்த சைக்கிள் கம்பியைத் துளைக்குள் விட்டு, வளைத்து இழுத்தாள். விரல் தடிமனில் ஒரு வெள்ளைப் புழு வந்தது. கற்பூரத் தட்டில் வைத்தாள்.

“இதான் உங்க அம்மன். நீங்க நெத்தியில பூசினு இருக்கறது இது போட்ட எச்சம்.”

எல்லாக் கைகளும் நெற்றிக்குப் போயின. அந்த மரத்தடியில் தின்று கொழுத்தது புழு மட்டுமல்ல. இன்னொன்று செருப்பைக்கூடத் தேடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

லட்சுமம்மா மட்டும் தட்டையே பார்த்தாள். “இன்னாடி பண்ணிட்ட! முகூர்த்த நாளு இன்னும் கேக்கல. அத்தத் திரும்ப உள்ள வுடு.”

பாஞ்சாலி கம்பியை முந்தானையில் துடைத்தாள்.

“மாட்டேன் அத்தே. மரத்துக்கு மூளை இல்ல. நமக்கு இருக்குது. வூட்டுக்குப் போயி, இருக்குதான்னு நீங்களும் உங்க புள்ளையும் தலையத் தட்டிப் பாருங்க.”