ஆகாயத்தில் ஓர் ஆட்சேபணை

பழனி மலையில் பூண்டு விளைகிற அளவுக்கு ஆட்சேபணையையும் ஒற்றை ஆளாக விளைவித்தவர் எங்கள் ஆட்சேபணை அண்ணன். பிறந்த குழந்தையாக அவர் அழுததுகூடப் பிறக்க வைத்ததற்கான ஆட்சேபணைதான் என்று ஊரில் சொல்வார்கள். ரேஷன் கார்டில் அவருக்கு வேறு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தரும் வழி காட்ட மாட்டார்கள்.

தன் கல்யாணத்திலேயே முகூர்த்த நேரம் தப்பு என்று மணவறையிலிருந்து எழுந்த மனிதர். பெண் வீட்டார் பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினார்கள். அவர் பஞ்சாங்கத்தையே ஆட்சேபித்தார். இன்னொரு முறை வத்தலகுண்டிலிருந்து வரும் பஸ்ஸில், டிரைவர் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுகிறார் என்று பாதி மலையில் இறங்கி நடக்க ஆரம்பித்தார். நாலைந்து வளைவு தாண்டி பஸ் பஞ்சராகி நின்றிருந்தது. நாங்கள் எல்லோரும் உள்ளே குளிரில் நடுங்கிக்கொண்டிருக்க, அண்ணன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, பாட்டை மாற்றியாயிற்றா என்று விசாரித்துவிட்டு மேலே நடந்தார்.

இப்படிப்பட்ட மனிதரை ஊர் பொறுத்துக்கொண்டதற்கு எங்கள் ஊர்க்கூட்டத்து வழக்கம்தான் காரணம். அமாவாசைக்கு அமாவாசை கூடுகிற கூட்டத்தில் ஒருவர் எழுந்து நின்று தோள் துண்டைக் கையில் எடுத்துப் பிடித்தால், அது ஆட்சேபணை. ஒற்றை ஆள் நின்றாலும் அன்றைக்கு முடிவெடுக்கக் கூடாது, அடுத்த அமாவாசைக்குத் தள்ளிவிட வேண்டும். உட்கார்ந்தபடி என்ன சொன்னாலும் அது வெறும் புலம்பல். அண்ணன் நின்று நின்றே எங்கள் ஊரில் பல நல்ல காரியங்களும் தள்ளிப்போயின. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் எங்கள் ஊற்றுக்கு ஆபத்து வந்தது. ஊருக்குப் பின்னால் பாறை இடுக்கில் வருகிற அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் குடிக்கிறோம், பூண்டுக்கும் அதுதான் பாய்கிறது. ஒரு சொகுசு விடுதிக்காரர் ஊற்றையும் அதற்குப் போகிற பாதையையும் சேர்த்துக் குத்தகைக்குக் கேட்டார். பதிலுக்கு ஊருக்கு ஒரு மண்டபம், பையன்களுக்கு வேலை. எல்லோர் வாயிலும் சர்க்கரை போட்டாயிற்று. துண்டை எடுக்க மிச்சமிருந்தது அண்ணன் ஒருவர்தான்.

அந்தச் சமயம் பார்த்து லண்டனில் நர்ஸாக இருக்கும் அவர் மகளுக்குப் பிரசவம் நெருங்கியது. என் மகனும் அங்கேயே இருப்பதால் எங்கள் இருவரையும் ஒரே விமானத்தில் ஏற்றிவிட ஏற்பாடு. பெரியதனக்காரர், அதாவது எங்கள் ஊர்த் தலைவர், அண்ணனிடம் கவலைப்படாமல் போய் வரச் சொன்னார். ஊற்று விஷயம் நீங்கள் திரும்பி வந்த பிறகுதான் என்றார். அண்ணன் நம்பினார். வாழ்நாளில் அவர் ஆட்சேபிக்காமல் விட்ட ஒரே வாக்கு அதுதான்.

டிக்கெட்டோடு விமானத்தில் வைஃபைக்கும் சேர்த்து மகள் பணம் கட்டியிருந்தாள். ஆகாயத்தில் தன்னைத் தேடி எவன் வரப்போகிறான் என்று அதற்கும் அண்ணனிடமிருந்து ஒரு பாட்டு விழுந்தது.

விமானம் என்றால் யார் கையிலும் சிக்காத இடம் என்று நானும் நினைத்திருந்தேன். இப்போது ஊரே கூட ஏறிக்கொள்கிறது. முன் வரிசைப் பெரியவர் சென்னையில் தன் வீட்டு வாசலுக்கு வந்த பால்காரரைக் கேமராவில் கண்காணித்துக்கொண்டிருந்தார். பக்கத்து இளைஞன் பாவம், லீவு போட்டுவிட்டு வந்தவன். கடலுக்கு மேலே பறந்தபோதும் மேலதிகாரி அவனை விடவில்லை. பேசத்தான் அனுமதி இல்லை. பார்க்கலாம், கேட்கலாம், எழுதலாம்.

காலைச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துப் போன கொஞ்ச நேரத்தில் அண்ணனின் மனைவி, என் மதினி, ஒரு குரல் பதிவு அனுப்பினார். அண்ணன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக இயர்போனை மாட்டிக் கேட்டோம். "இன்னைக்கு அமாவாசைக் கூட்டத்துலயே ஊத்து விஷயத்தை எடுத்துட்டாங்க. நீங்க வானத்துல கெடக்கீங்கன்னு தெரிஞ்சேதான் இந்தச் சோலி பாக்குறாங்க. ஊத்து போகப் போகுது."

அண்ணனின் முகம் சுண்டிப் போனது. வெரசா வீடியோவைப் போடச் சொன்னார். போட்டேன். மதினி அங்கே செல்போனைத் தூக்கிப் பிடிக்க, மொத்தக் கூட்டமும் எங்கள் கைக்குள் வந்தது.

விமானம் குலுங்கத் தொடங்கியது அப்போதுதான். சீட் பெல்ட் விளக்கு எரிந்தது. அண்ணன் பெல்ட்டைக் கழற்றினார், எழுந்தார், துண்டைக் கையில் எடுத்தார்.

பணிப்பெண் ஓடி வந்தாள். சென்னைப் பெண். உட்காரும்படி தமிழிலும் ஆங்கிலத்திலும் கெஞ்சினாள். அண்ணன் குரலை உயர்த்தவில்லை.

"மரியாதையாத்தான் சொல்றேன் தாயி. நான் உக்காந்தா என் ஊரு தண்ணி போயிரும்."

அவள் செல்போனைப் பார்த்தாள். அதற்குள்ளிருந்து ஊரே அவளைப் பார்த்தது. என்ன புரிந்ததோ, ஒரு நிமிஷம்தான் என்று சொல்லி, ஒரு கையால் சீட்டையும் மறு கையால் அண்ணனின் முதுகையும் தாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். விமானத்து அதிகாரியே அண்ணன் பக்கம் நின்றதாக எங்கள் ஊரில் இன்றுவரை பேச்சு.

பெரியதனக்காரர் லேசுப்பட்டவர் இல்லை. ஊர் எல்லைக்குள் நின்றால்தான் ஆட்சேபணை செல்லும் என்றார். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு என் காதில் சொன்னார். நான் தட்டி அனுப்பினேன். மதினி அதைக் கூட்டத்தில் சத்தமாகப் படித்தார்:

"எல்லைக்கு நீளம் சொல்லியிருக்கு, அகலம் சொல்லியிருக்கு. எவ்வளவு ஒசரம்னு யாராச்சும் சொல்லியிருக்காங்களா?"

கூட்டம் சிரித்தது. பெரியதனக்காரர் வாயைத் திறப்பதற்குள் மதினி முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்தார். "அவுக நிக்கிறது கண்ணுக்குத் தெரியலேன்னா சொல்லுங்க, நான் நிக்கிறேன்." அவருக்குப் பின்னால் தண்ணீர் சுமக்கிற பெண்கள் ஒவ்வொருத்தராக எழுந்தார்கள். முடிவு தள்ளிப்போனது. அடுத்த அமாவாசைக்கும் அவர்களே நின்றார்கள். அதற்கடுத்த அமாவாசைக்குள் விடுதிக்காரர் வேறு மலை பார்த்துப் போய்விட்டார்.

அதெல்லாம் பிறகு நடந்தது. விமானத்தில் அண்ணன் உட்கார்ந்ததும் பணிப்பெண் அவருக்குப் பெல்ட்டை மாட்டிவிட்டுப் போனாள். குலுக்கலும் நின்றுவிட்டது. அவர் கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. குளிருகிறதா என்று கேட்டேன்.

"எந்திரிக்கிற ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் தம்பி. பயம். அது வெளிய தெரியக் கூடாதுன்னுதான் சத்தம் போட்டே பேசுறது. இங்க சத்தம் போட விடல."

இத்தனை வருஷம் இந்த மனிதருக்குப் பயமே கிடையாது என்று நினைத்து நாங்கள் எல்லோரும் நிம்மதியாக உட்கார்ந்திருந்திருக்கிறோம். அந்தக் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். லண்டன் வரும்வரை விடவில்லை.