நீல மெத்தை

இனிமேல் என் ஸ்டூடியோவில் எந்தக் குழந்தையும் போலீஸில் பிடிபட்டவன் மாதிரி முழிக்காது என்று சபதம் செய்தேன். காரணம் ரூபா. லான்மடா பேட்டையில் எங்களுக்கு நாலு கட்டடம் தள்ளி இருப்பவள். மூத்த மகளை நான் எடுத்த படத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"அண்ணே, இதுல என் பொண்ணு எங்கே?"

நியாயமான கேள்வி. கன்னம் நிறைய தனக்கா, அதுதான் இந்த ஊரில் சந்தனம் மாதிரி அரைக்கும் மரப்பட்டை, பூசிய பிள்ளை. நான் நேருக்கு நேர் ஃப்ளாஷ் அடித்திருக்கிறேன். தனக்கா, கன்னம், மூக்கு எல்லாம் ஒரே வெள்ளை. கழுவிக் கவிழ்த்த தட்டில் ரெண்டு கண்.

இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் எடுக்கிறேன். யாரும் கேட்டதில்லை. ரோஷம் வந்துவிட்டது. மூணு வாரம் போனில் வீடியோவாகப் பார்த்துப் படித்தேன். வெளிச்சம் பக்கவாட்டில் வரணும். கேமரா குழந்தையின் கண் உயரத்தில் இருக்கணும். படத்தில் குழந்தையைத் தவிர வேறு ஆள் தெரியக்கூடாது. படித்ததையெல்லாம் தினமும் என் மனைவி சத்யபாமாவுக்குப் பாடம் நடத்தினேன். அவள் வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொள்வாள்.

ஸ்டூடியோவிலோ பாதி நாள் கரண்டு இல்லை. வீட்டில் நல்ல வெளிச்சம் வருவது ஒரே ஜன்னலில். அதன் அடியில் பதினோரு வருஷமாக அவளுடைய தையல் மெஷின்.

"அந்த ஜன்னல் எனக்கு வேணும்" என்றேன்.

"கழட்டிக்கிட்டா போகப்போறீங்க?"

"மெஷினை அடுப்படிக்கு மாத்திடலாம்."

"தைச்ச ஜாக்கெட்டெல்லாம் தாளிச்ச வாசனை அடிக்கும். யாரு போடுவா?"

"கலைக்காக ஒரு தியாகம்..."

"ஞாயித்துக்கிழமை ரூபாவோட சின்னவனுக்கு முதல் பிறந்தநாள் படம் எடுக்கணும், இல்லையா? படம் நல்லா வந்தா, எடுத்தவங்களுக்கே ஜன்னல். சம்மதமா?"

நான் சிரித்தேன். எடுக்கப்போவது வேறு யார்? சம்மதம் என்றேன். பாவம், தெரியாமல் வாயைக் கொடுத்துவிட்டாள் என்று பரிதாபம்கூடப் பட்டேன்.

ஞாயிறு காலை மெஷினை நானே ஓரங்கட்டினேன். ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் துணி கட்டினேன். ரூபா வந்தாள். கையில் சின்னவன் தீஹா. ஒரு வயசு, பத்து வயசுக்குரிய குரல். கண் உயரத்துக்காக நான் தரையில் குப்புறப் படுத்தேன். அவன் என்னைப் பார்த்தான். அலறினான். முக்காலியில் உட்காரவைத்தால் வழுக்கிக் கீழே வருகிறான். ரூபா மடியில் வைத்தால் அழுகை நின்றது.

"அம்மா மடி கூடாது, படத்துல தெரியும்" என்றேன்.

"அப்ப தெரியாத மடியா வேணும்" என்றாள் சத்யபாமா.

"ரூபாவுக்குப் போர்வை போர்த்திடலாம்."

"அம்மா முகத்தைத் தேடிப் பின்னாடியே திரும்புவான். ரூபா கேமரா பக்கத்துல நிக்கட்டும். மடிக்கு நீங்க உட்காருங்க. உங்க தொப்பை நல்ல சாய்மானம்."

"அப்புறம் பட்டனை யாரு அமுக்குறது?"

"நான் அமுக்குறேன். மூளை எல்லாம் உங்களோடதுதானே. சொல்லிக்கொடுத்தது நீங்க."

அந்தக் கடைசி வரியில்தான் விழுந்தேன்.

ஒரு நீலப் போர்வை வந்தது. இஸ்திரி போட்டு மடித்திருந்தது. மூச்சு விட மூக்குக்கு நேராக ஓட்டை விட்டுத் தைத்திருந்தாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். தலையோடு போர்த்திக்கொண்டு தீஹாவை மடியில் வாங்கினேன்.

"ஏங்க, ஜன்னல் பக்கம் கொஞ்சம் திரும்புங்க. பிள்ளையோட மூக்கு நிழல் வாயில விழுது" என்றாள்.

செவ்வாய்க்கிழமை நான் சொல்லிக்கொடுத்த பாடம்.

"பாமா, மடியில ஏதோ சூடா..."

"பேசாதீங்க. குழந்தை ஆடுது."

போர்வைக்கு வெளியே வந்து படத்தைப் பார்த்தேன். தனக்காவில் விரல் ஓடிய கோடு ஒவ்வொன்றும் தெரிந்தது. ரெண்டு கண்ணிலும் ஜன்னல் மின்னியது. அவன் அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறான். எனக்குப் பொறாமையாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. ரூபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"படம் எப்படி?" என்றாள் சத்யபாமா.

"அற்புதம்" என்றேன், புத்திகெட்டுப்போய்.

"எடுத்தது யாரு?"

நான் நனைந்த லுங்கியோடு நின்றேன். அவள் மெஷினை ஜன்னலடிக்குத் தள்ளினாள். "ஞாயிறு மட்டும் நகர்த்தித் தாங்க. படம் எடுக்கணும்" என்றாள்.

ரெண்டே நாளில் போன் வந்தது. அடுத்த தெரு பல்கீஸ் அம்மா. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சொல்லுங்கம்மா, ஸ்டூடியோ முதலாளி சொக்கன்தான் பேசுறேன்" என்றேன்.

"பேத்தியைப் படம் எடுக்கணும் தம்பி. உங்க வீட்டம்மாவே எடுக்கட்டும். ரூபா மகன் சாஞ்சிருக்கானே, அந்த நீல மெத்தை ஞாயித்துக்கிழமை கிடைக்குமா?"

"கிடைக்கும்மா" என்றேன். "ஞாயித்துக்கிழமை மெத்தை எங்கேயும் போகாது."