சிரிப்பு: பூஜ்யம்

ஒரு படம் என்ன வகைப் படம் என்பதை அதை எடுத்தவர் சொல்லிவிட முடியாது. பார்த்தவரும் சொல்லிவிட முடியாது. அதற்கென்றே திரைப்பட வகைப்பாட்டு அலுவலகம் என்று ஒன்று நாலாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் வேலை செய்யாது.

அலுவலகத்தின் நடைமுறை ரொம்ப எளிது. தலைவர், கணக்கு உறுப்பினர், கலை உறுப்பினர் மூவரும் திரையிடல் அறையில் உட்கார்ந்து படம் பார்ப்பார்கள். அந்த அறையில் என்ன நடக்கிறதோ அதுதான் படத்தின் வகை. யாராவது அலறினால் பேய்ப்படம். நகம் கடித்தால் த்ரில்லர். பெருமூச்சு விட்டால் காதல் படம். சிரித்தால் நகைச்சுவை. எல்லோரும் தூங்கிவிட்டால் குடும்பப் படம். ஒன்றுமே நடக்கவில்லையா, ஆவணப்படம். சிரிப்பு என்றால் சும்மா உதட்டை அசைத்துவிட்டுப் போவதல்ல. "மேல்வரிசைப் பற்கள் நான்கிற்குக் குறையாமல் புலப்படுதல் வேண்டும்" என்று ஒன்பதாம் விதி தெளிவாகவே சொல்கிறது.

இதில் சிறு சங்கடங்கள் நேர்ந்ததுண்டு. ஒரு காதல் படத்தின் நடுவே கணக்கு உறுப்பினரின் வேட்டிக்குள் கரப்பான் பூச்சி புகுந்து அவர் அலறித் தொலைத்தார். படம் பேய்ப்படமாக வெளியானது. பேய் பார்க்க வந்த கூட்டம் கடைசிவரை கதாநாயகியின் அம்மாவைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஏமாற்றத்தோடு வீட்டுக்குப் போனது.

இந்த அலறல், பெருமூச்சு எல்லாவற்றையும் இருட்டில் சின்ன டார்ச் வைத்துக்கொண்டு நேரம் போட்டு எழுதுபவர் குறிப்பாளர். பதினாறு வருஷ சர்வீஸ். அறையிலிருக்கும் யார் சிரித்தாலும் கணக்கில் சேரும், குறிப்பாளர் உட்பட. ஆனால் குறிப்பாளர் சிரித்தால் சீட்டு கிழியும். அதற்காக வருஷா வருஷம் அரசு மருத்துவரிடம் உணர்ச்சியின்மைச் சான்றிதழ் வாங்க வேண்டும். மருத்துவர் மூன்று ஜோக் சொல்லி, உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டிப் பார்ப்பார். குறிப்பாளர் பதினாறு முறையும் முதல் தரத்தில் தேறியவர். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைக் 'கல்லு சார்' என்பார்கள்.

உண்மையில் அவர் கல் இல்லை, பாவம். வீட்டில் சிரித்துப் பழகினால் ஆபீசில் வந்துவிடுமே என்று பயந்து வீட்டிலும் அடக்கிக்கொண்டவர்.

"நம்ம கல்யாண ஃபோட்டோவுல பல்லெல்லாம் தெரிய சிரிச்சிட்டு ஒருத்தர் நிக்கறாரே, அவர் எங்க போனாரு?" என்பாள் மனைவி.

"கொஞ்சம் பொறு. கண்காணிப்பாளர் ஆயிட்டா சான்றிதழே தேவையில்ல. அப்புறம் நீ போதும் போதும்னு சொல்ற வரைக்கும் சிரிக்கறேன்."

"அதுக்குள்ள நமக்குப் பல்லு இருக்கணுமே."

கண்காணிப்பாளர் பதவி அடுத்த மாதம் காலியாகவிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு பெண் இயக்குநர் தன் முதல் படத்தைக் கொண்டுவந்தார். மூன்று வருஷ உழைப்பு. நகைச்சுவை என்று சான்றிதழ் கிடைத்தால் எல்லாத் தியேட்டரிலும் ஓடும். ஆவணப்படம் என்றால் காலைக் காட்சி மட்டும், அதுவும் மூன்று நாள்.

படத்தின் கதை இது. ஓர் அலுவலகத்தில் ஒரு நாற்காலியின் கால் உடைகிறது. ஏன் உடைந்தாய் என்று நாற்காலிக்கு விளக்கக் கடிதம் போகிறது. ஏழு நாளில் பதில் வராததால் நாற்காலி தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்படுகிறது. விசாரணைக்கு மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். அவருக்கு உட்கார வேறு நாற்காலி இல்லை. குற்றம் சாட்டப்பட்ட நாற்காலியிலேயே உட்கார்ந்து, "நீ உடைந்ததை ஒப்புக்கொள்கிறாயா?" என்கிறார்.

அந்த இடத்தில் குறிப்பாளருக்கு அடிவயிற்றிலிருந்து கிளம்பிவிட்டது. கைக்குட்டையை உருட்டி வாயில் திணித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது. எப்படியும் அந்த மூன்று பேரில் ஒருவர் சிரிப்பார், எழுதிவிட்டு நிம்மதியாக உட்காரலாம் என்று டார்ச்சை அவர்கள் பக்கம் திருப்பினார்.

மூவரும் முன்னால் சாய்ந்து, மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏழு நாள் அவகாசம் தப்பு. பதினஞ்சு நாள் குடுத்திருக்கணும்" என்றார் தலைவர்.

"கடிதத்துக்கு நகல் எடுத்த மாதிரி தெரியலீங்க" என்றார் கணக்கு உறுப்பினர்.

"நாற்காலி தரப்பையும் காட்டியிருக்கலாம்" என்றார் கலை உறுப்பினர்.

தலைவர் படத்தை நிறுத்தச் சொல்லி, அந்த விளக்கக் கடிதத்தின் வாசகத்தைத் தன் டைரியில் வரி விடாமல் எழுதிக்கொண்டார்.

படம் முடிந்தது. குறிப்பேட்டில் 'சிரிப்பு' என்ற கட்டம் காலியாக இருந்தது. குறிப்பாளர் பேனாவை அதன் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். 'ஒன்று' என்று போட்டால் அந்தப் பெண்ணின் படம் பிழைக்கும். பதினாறு வருஷம் அடக்கி வைத்தது மண்ணாகப் போகும். வீட்டில் காத்திருப்பவளை நினைத்தார். பூஜ்யம் போட்டார். படம் ஆவணப்படம் ஆனது.

மறுநாள் இயக்குநர் அவர் மேஜைக்கு நேராக வந்தார்.

"சார், நீங்க சிரிச்சீங்க. படம் ஓட்டற ஜன்னல் வழியா நான் பார்த்தேன். உங்க தோள் குலுங்குச்சு."

"அது இருமல்மா."

"இருமினா சத்தம் வருமே சார்."

"ஆபீஸ் நேரத்துல நான் சத்தம் போட்டு இருமறதில்ல."

இயக்குநர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். குறிப்பாளருக்கு வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, "விதி இருபத்திரண்டு இருக்கும்மா" என்றார். "படம் வெளியான பிறகு, எங்க அதிகாரி ஒருத்தர் முன்னால, பார்வையாளர் ஒரே ஒருத்தர் சிரிச்சாலும் வகையை மாத்தலாம். விண்ணப்பம் குடுத்து வைங்க." இதைச் சொன்ன பிறகு மனசு கொஞ்சம் லேசானது.

அடுத்த மாதம் அவர் கண்காணிப்பாளர் ஆனார். கதவுள்ள தனி அறை, முத்திரை, இரண்டு பேனா.

படத்துக்கும் யோகம்தான். தலைவர் எழுதிய பரிந்துரையால் எல்லா அலுவலகங்களிலும் அது பயிற்சிப் படமாகக் காட்டப்பட்டது. நாற்காலிக்கு அனுப்பிய கடிதம் 'பொருட்களிடம் விளக்கம் கோரும் படிவம்' என்ற பெயரில் அமலுக்கே வந்துவிட்டது. கையெழுத்திட வேண்டியவர் கண்காணிப்பாளர். முதல் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது அவருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. கதவைப் பார்த்தார், சாத்தியிருந்தது. ஆனாலும் கோப்பு நிறைய இருந்ததால் பிறகு சிரித்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார். நாற்பதாவது படிவம் மூன்றாம் மாடிக் குழாய்க்கு. பதினைந்து நாளாகியும் குழாய் பதில் போடவில்லை என்றதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"பதவி வந்து ஆறு மாசமாச்சு. இன்னும் சிரிக்கலயே?" என்றாள் மனைவி.

"வர்ற சனிக்கிழமை. தியேட்டர்ல. அந்த நாற்காலிப் படம், உன்னையும் கூட்டிட்டுப் போறேன். விதி இருபத்திரண்டுல நான்தான் அதிகாரி" என்றார்.

சனிக்கிழமை காலைக் காட்சி. அரங்கில் உட்கார இடமில்லை. அந்தப் படம் அரசு வேலைத் தேர்வுக்குப் பாடமாகிவிட்டதால், மூன்று நாள் கணக்கைத் தாண்டியும் காலைக் காட்சியாக ஓடிக்கொண்டிருந்தது. முந்நூறு பேரும் மடியில் நோட்டு வைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். கண்காணிப்பாளர் வரப்போவது தெரிந்து, பின்வரிசையில் இயக்குநர் விண்ணப்பத்தோடு நின்றார்.

விசாரணை அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தார். "நீ உடைந்ததை ஒப்புக்கொள்கிறாயா?"

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். மேல்வரிசைப் பற்கள் எட்டு தெரிந்தன. முந்நூறு பேரும் திரும்பி, "உஷ்! பாடம் கேக்க விடுங்க" என்றார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள். அவரும் சிரித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தாள்.

அவர் முன்னால் சாய்ந்து, மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு நாள் பத்தாது" என்றார் மெதுவாக.

அதற்குள் இயக்குநர் இருட்டில் தடுமாறி ஓடிவந்தார். "சார், ஒரு சிரிப்பு! எல்லாரும் பார்த்தாங்க. கையெழுத்துப் போடுங்க!"

கண்காணிப்பாளர் விண்ணப்பத்தை வாங்கி, டார்ச் அடித்து, முன்னும் பின்னும் படித்தார்.

"சிரிச்சது என் சம்சாரம். அதிகாரியோட நெருங்கிய உறவினர் சிரிப்பு கணக்குல சேராதும்மா. வேற யாராவது சிரிச்சா வாங்க."

மனைவி சிரிப்பதை நிறுத்திவிட்டாள். இயக்குநர் அவரைப் பார்த்தார், தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்த முந்நூறு பேரைப் பார்த்தார். அப்புறம் அங்கேயே, நடைபாதையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

கண்காணிப்பாளர் பழைய பழக்கத்தில் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். நேரம் பார்த்து எழுதினார்: 'காலை 11.20. விண்ணப்பதாரர் சிரித்தார். காரணம் தெரியவில்லை.'