கரோட்டின் பாதுகாப்புக் குழுவின் மகத்தான வெற்றி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கப்புறம் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் கரோட்டின் பாதுகாப்புக் குழுவை அமைத்ததுதான். கால்நடைப் பண்ணையின் தீவனக் கிடங்கில் அக்குழு உதித்த திருநாளில் கிடங்குக்காரரும் உடனிருந்தார். நாற்காலிகளை எடுத்துப் போட்டவரே அவர்தான்.

குதிரைமசால் என்ற தீவனத் தழையைக் காயவைத்து அரைத்த தூளில் கரோட்டின் என்றொரு சத்து உண்டு. அது வயிற்றுக்குள் போனால்தான் கன்றுக்குட்டிக்குக் கண் சரியாகத் தெரியும். ஆனால் வெளிச்சமும் காற்றும் பட்டால் அது அழிந்துபோகும்.

"நம்மளைக் கேக்காம ஒரு துளி கரோட்டின்கூட வெளிய போகக்கூடாது!" என்று குழுத் தலைவர் மேஜையைக் குத்தினார்.

அன்றே 'தீவிரக் கண்காணிப்பு' தொடங்கியது. காலையும் மாலையும் எல்லா மூட்டைகளையும் அவிழ்த்து, தூளைத் தரையில் பரப்பி, பெரிய பெரிய விளக்குகளைப் போட்டு, புழுக்கம் தாங்காமல் மின்விசிறியையும் சுழலவிட்டு, கரோட்டின் பத்திரமாக இருக்கிறதா என்று பச்சை நிற அட்டையை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சில வாரங்களில் தூள் வெளுத்தது. குழு பதறிப்போய், இனி நாளைக்கு நான்கு முறை பார்ப்பதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது.

கிடங்குக்காரர் தலையைச் சொறிந்தார். "ஐயா, மூட்டையை இறுக்கிக் கட்டி இருட்டுல போட்டுட்டா, அது பாட்டுக்குக் கெடாம இருக்குமே?"

"இருக்கா இல்லையான்னு எப்படிய்யா பாக்குறது?" என்றார் தலைவர்.

"பாக்காம விட்டா இருக்கும்யா."

"பாக்காம விடுறதுக்கா குழு போட்டிருக்கு?"

கிடங்குக்காரர் அடுத்த மூட்டையை அவிழ்க்கப் போனார்.

தூள் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் குழு அயராமல் உழைத்துப் புதிய அட்டை ஒன்றை அச்சடித்தது. மஞ்சள் அட்டை. எல்லா மூட்டைகளும் நூற்றுக்கு நூறு தேறின. லட்டு இல்லாத குறைதான்.

கன்றுக் கொட்டிலைப் பார்த்துக்கொள்வது கிடங்குக்காரரின் தங்கை. ஒரு நாள் காலை ஓடிவந்தாள். "அண்ணே, பொழுது சாஞ்சதும் செவலைக்கன்னு தொட்டியில போய் முட்டுது. வெளிய புல்லும் காஞ்சுபோச்சு. நல்ல தூள் ஒரு மூட்டை கிடைச்சாப் பொழச்சுக்கும். இல்லைன்னா முழுக் குருடாயிடும்ணே."

கண்காணிப்பு தொடங்கிய முதல் நாளே, குழுவின் கண்ணில் படாமல், கிடங்குக்காரர் ஒரு மூட்டையை மட்டும் படிக்கட்டுக்கு அடியில் இருட்டில் ஒளித்து வைத்திருந்தார்.

"சாயங்காலம் இவங்க கிளம்பினதும் வண்டியோட வாம்மா," என்றார் காதோடு காதாக.

மத்தியானம் ஓர் உறுப்பினரின் பேனா மூடி உருண்டு படிக்கட்டுக்கு அடியில் போனது. மூடியைத் தேடியவர் மூட்டையோடு வெளியே வந்தார். அவிழ்த்தால், கிளிப்பச்சை!

"அட்டையோட ஒத்துப்போகலையே!"

"கலப்படம்!"

"சாயம் ஏத்தியிருக்கான்யா!"

தலைவர் மட்டும் நிதானம் இழக்கவில்லை. "பதறாதீங்க. இதையும் தரத்துக்குக் கொண்டுவந்துடலாம்."

தூள் மொட்டைமாடி வெயிலுக்குப் போனது. உறுப்பினர்கள் வேர்க்க விறுவிறுக்க, முறை வைத்துக் கிளறினார்கள். சாயங்காலம் வந்த தங்கை வெறும் வண்டியோடு திரும்பினாள். வெயிலில் கிடந்த தூள் அந்த வாரக் கடைசியில் மஞ்சள் அட்டையோடு அப்படியே பொருந்தியது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

'தீவனத்தைக் குழுவின் பார்வையிலிருந்து மறைத்தது ஏன்?' என்று விளக்கம் கேட்டுக் கிடங்குக்காரருக்குக் கடிதம் வந்தது. வேலை போனாலும் போகட்டும் என்று உட்கார்ந்து, மிகுந்த பணிவுடன் எழுதினார்:

"ஐயா, கன்றுக்குட்டிக்குப் பொழுது சாய்ந்த பிறகுதான் கண் தெரிவதில்லை. குழுவுக்குப் பட்டப்பகலிலேயே தெரிவதில்லை."