நார்வேயில் எத்தனை மணிக்கு நடை சாத்துவார்கள்?

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அரவிந்தன் அவர்களுக்கு,

நன்னிலத்திலிருந்து உங்கள் மாமனார் ரெங்கசாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை ஆனந்தவல்லியும் ஒரே வீட்டில், ஆளுக்கொரு கட்சியில், சுகமாக இருக்கிறோம். ஆஸ்லோவில் நீங்களும் எங்கள் மகள் பிரகதீஸ்வரியும் ஒரே கட்சியில் சுகமாக இருக்க நம் ஊர் மதுவனேஸ்வரர் அருள்புரியட்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் பயணத் திட்டம் என்று ஆரம்பித்தாலே உங்கள் மனைவி சிரிக்கத் தொடங்கிவிடுகிறாள். அந்தச் சிரிப்பில் என் பேச்சு பாதி முங்கிப்போகிறது. ஆகவே காகிதத்தில் எழுதி, போட்டோ பிடித்து, உங்கள் வாட்ஸப்புக்கு மட்டும் அனுப்புகிறேன். படித்துவிட்டு அவளிடம் காட்டாமல் இருப்பது உங்கள் பெருந்தன்மை.

ரயிலையும் படகையும் இந்த வாரமே பதிவு செய்தாக வேண்டும், தாமதித்தால் ஜூலையில் இடம் கிடைக்காது என்றீர்கள். உங்கள் அத்தையோ, திட்டத்தைக் கேட்டு மனசுக்குப் பிடித்தால்தான் விமானம் ஏறுவேன், இல்லாவிட்டால் நீங்கள் மட்டும் போய் வாருங்கள் என்று அறிவித்துவிட்டாள். பெற்ற மகளை இரண்டு வருஷமாக நேரில் பார்க்காதவள், நான் போடும் திட்டத்துக்குப் பயந்து போகமாட்டேன் என்கிறாள் என்றால், திட்டம் போடுவதில் எனக்கு இருக்கும் புகழை நீங்களே அளந்துகொள்ளலாம்.

முதல் சறுக்கல் பருவத்திலேயே நடந்தது. கோடைக்கு வாருங்கள் என்று நீங்கள் சொன்னதும், சித்திரை வைகாசி என்று நானே எடுத்துக்கொண்டேன். வாய்க்கால் காய்ந்து வயல் வெடித்துக் கிடக்கும் நாட்கள், நமக்கும் வேலை கிடையாது என்று மகிழ்ந்து, கறவை மாட்டை மச்சினன் வீட்டில் கட்டுவதற்குக்கூட ஏற்பாடு செய்துவிட்டேன். அப்புறம்தான் நீங்கள், அந்த மாதங்களில் இங்கே மலைப்பாதையில் பனி கிடக்கும், ஜூலைதான் கோடை என்றீர்கள். ஜூலை என்றால் எங்களுக்குக் குறுவைச் சாகுபடி. ஆற்றில் தண்ணீர் வரும்போது ஊரைவிட்டுக் கிளம்புகிறவனை இந்தப் பக்கத்தில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். நல்லவேளையாகப் பக்கத்து வயல் சிங்காரவேலு, "நீங்க போயிட்டு வாங்க மாமா, ஒங்க வயலயும் சேத்து நான் பாத்துக்கிறேன். நீங்க இருந்தாலும் வரப்புல நின்னு பேசிக்கிட்டுத்தான இருப்பீங்க" என்றான். முதல் வாக்கியத்தை மட்டும் உங்கள் அத்தையிடம் சொன்னேன்.

அடுத்து, நீங்கள் அனுப்பிய திட்டம். ஒரு வாரத்துக்கு மூன்றே இடங்கள்! படித்ததும் எனக்கு வெட்கமாகப் போயிற்று. இந்த ஊரிலிருந்து வருஷா வருஷம் வேன் கட்டி, விடியுமுன் புறப்பட்டு, நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் ஒரே நாளில் முடித்து, இரவுச் சாப்பாட்டுக்கு ஆட்களை அவரவர் வீட்டில் இறக்கிவிடுகிறவன் நான். என் மாப்பிள்ளை வாரத்துக்கு மூன்று இடம் பார்க்கிறார் என்று தெரிந்தால் ஊரில் என்ன பேசுவார்கள்? வேன் ஓட்டும் தங்கையனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவன் போனில் நார்வே வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது ஒல்லியான நாடுண்ணே. குறுக்க கட்டவெரல் அகலம் கூட இல்ல. இதுக்கா ஒரு வாரம்?" என்றான். நெடுக்குவாட்டில் அளக்க வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வடக்கே ராத்திரியிலும் வெயில் அடிக்குமாமே என்று நான் சொன்னதும் அவன் துள்ளிக் குதித்துவிட்டான். "அப்ப லாட்ஜு எதுக்குண்ணே? இருட்டுனாத்தான படுக்கணும்? ஓட்டிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்!"

இப்படியாக, லாட்ஜே இல்லாத ஒரு திட்டம் உருவானது. வடகோடி முனை, தீவுக்கூட்டம், நாலு அருவி, மூன்று பனிமலை, அப்புறம் மலையுச்சியில் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை, எல்லாம் சேர்ந்தன. இதைத்தான் அன்றைக்கு வீடியோ காலில் வாசித்தேன். பிரகதீஸ்வரி சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்பா, ஆஸ்லோலேருந்து அந்த வடக்கு முனை, நம்மூர்லேருந்து நாக்பூரயும் தாண்டிப் போற தூரம்ப்பா. நடுவுல கடலு குறுக்க வரும், வண்டியோட படகுல ஏறணும். அந்த நாக்குப் பாறைக்கு ஏறி எறங்கவே ஒரு முழு நாளு ஆவும். நீங்க அத இட்லிக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவுல வச்சிருக்கீங்க!" தங்கையன் பக்கத்திலிருந்து, "பாப்பா, ரோடு நல்லாருக்குமா?" என்று மட்டும் கேட்டான்.

மானத்தைப் பொறுக்கிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். வடக்கை வெட்டினேன். தீவுகளை வெட்டினேன். நாக்கையும் வெட்டினேன். இரண்டாவது திட்டம் எனக்கே கண்ணியமாகத் தெரிந்தது. அதை வாசித்தபோது நீங்கள் ரொம்பத் தயங்கி, "மாமா, எல்லா நாளும் பன்னெண்டுலேருந்து நாலு வரைக்கும் ஒண்ணுமே போடலியே, ஏன்?" என்று கேட்டீர்கள். "அப்ப நடை சாத்தியிருப்பாங்களே மாப்பிள்ளை" என்றேன். வீடியோ நின்றுவிட்டதோ என்று போனைத் தட்டிக்கூடப் பார்த்தேன். பிறகு பிரகதீஸ்வரியின் குரல்: "அப்பா, மலைய யாருப்பா சாத்துவா? அருவிக்குக் கதவு இருக்கா?"

நீங்களும் சிரித்தீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள், தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். என்ன செய்வது மாப்பிள்ளை, வாழ்க்கை முழுக்க உச்சிக்கால பூஜைக்கு முன்னால் இத்தனை கோயில், நடை திறந்த பின் இத்தனை கோயில் என்று திட்டம் போட்டுப் பழகிய கை. நார்வே என்றதும், மலைகளுக்கு நடுவே நுழைந்து கிடக்கும் கடலிடுக்குக்கும் நடை சாத்திவிட்டது. சரி, அந்த நேரத்தில் இன்னும் ஓர் அருவியைச் செருகிவிடலாம் என்று பேனாவை எடுத்தபோதுதான், அதுவரை அடுப்படியில் நின்றிருந்த உங்கள் அத்தை ஈரக்கையோடு வெளியே வந்தாள்.

"அத மட்டும் எடுத்துராதீங்க" என்றாள்.

"எத?"

"அந்தப் பன்னெண்டுலேருந்து நாலு."

"அது தப்பா போட்டதுடி. அங்கல்லாம் சாத்த மாட்டாங்களாம்."

"அவங்க சாத்தாட்டி நாம சாத்திக்குவோம். ஒங்களோட எத்தனை டூரு வந்திருக்கேன்! சாமியப் பாத்தேனோ இல்லியோ, ஒங்க விசில் சத்தந்தான் காதுல நிக்குது. தாராசுரத்துல அந்தக் குட்டிக் குட்டிச் செலையில ஒண்ண நெருங்கிப் பாக்கிறதுக்குள்ள வேன்ல ஹாரன் அடிக்கிறான். நடை சாத்துன பெறவு திருவெண்காட்டுக் கொளத்தங்கரையில கால நீட்டி உக்காந்தேன் பாருங்க, நான் போன டூரு அதுதான். அதுக்காவத்தான் வருஷா வருஷம் வேன்ல ஏறுனேன். ஒங்க ஒம்போது கோயிலுக்குன்னா நெனச்சீங்க?"

இத்தனை வருஷமாக என் திட்டத்தின் திறமைக்காகத்தான் கூட்டம் வருகிறது என்று மார்தட்டிக்கொண்டிருந்தவன் நான். கோயில் கதவு சாத்தியிருந்ததற்காக வந்தவர்கள் இன்னும் எத்தனை பேரோ! தங்கையனிடம் கேட்டேன். "எனக்கும் அதாண்ணே பிடிக்கும். சீட்டச் சாச்சி ஒரு தூக்கம் போடுவேன்" என்று அவனும் கட்சி மாறிவிட்டான்.

ஆகவே மாப்பிள்ளை, இறுதித் திட்டம் இதோ. வந்து இறங்கிய முதல் இரண்டு நாள் உங்கள் வீடு. ஆஸ்லோவில் நடந்தே பார்க்க முடிந்ததைப் பார்ப்போம், அத்தை கொண்டுவரும் வடகத்தை வெயில் இருந்தால் காய வைப்போம். அப்புறம் பெர்கன் நகரத்துக்குப் போகும் ரயிலில் ஏறி, பாதிவழியில் மலைமேல் இறங்கி, அங்கிருந்து கீழே போகும் சின்ன ரயிலில் ஃப்ளாம் என்ற அந்தக் கிராமம். அங்கே இரண்டு இரவு, ஒரு படகுப் பயணம். பிறகு பெர்கன், அதுவும் இரண்டு இரவு. அங்கே ஜூலையிலும் மழை கொட்டும் என்றீர்கள், குடை எடுத்து வைத்தாயிற்று. திரும்பவும் ரயிலில் உங்கள் வீடு. காலையில் ஒன்று பார்ப்பது, சாயங்காலம் ஒன்று பார்ப்பது, நடுவில் நடை சாத்துவது. இந்தத் திட்டத்துக்கு உங்கள் அத்தை தலையை ஆட்டிவிட்டாள். முழுசாக ஆட்டவில்லை, பாதி ஆட்டினாள். எங்கள் வீட்டில் அதுவே சம்மதம். உடனே பதிவு செய்துவிடுங்கள்.

உங்கள் அம்மா அப்பாவுக்கு எங்கள் வணக்கம். பிரகதீஸ்வரிக்கு என் ஆசி. சிரித்ததற்காக அதில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளவும். நீங்கள் இருவரும் எல்லா நலனும் பெற்று, ஜலதோஷம் பிடிக்காமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
திட்டமிடும் பொறுப்பிலிருந்து இன்னும் விலக்கப்படாத,
நன்னிலம் ரெங்கசாமி

பின்குறிப்பு: மாப்பிள்ளை, அவசரம்! மேலே எழுதியதை வைத்து எதையும் பதிவு செய்துவிடாதீர்கள். போட்டோ பிடிக்குமுன் உங்கள் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காலையில பாக்கிறது, சாயங்காலம் பாக்கிறது, இந்த ரெண்டயும் எடுத்துட்டீங்கன்னா நான் வர்றேன்" என்கிறாள். அப்படி எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது நடுப்பகல் ஒன்றுதான். அங்கேதான் ஜூலையில் இருட்டு சொற்பமாயிற்றே, மொத்தப் பயணத்தையும் ஒரே நடுப்பகலாக வைத்துக்கொண்டால் என்ன என்று எனக்கும் தோன்றிவிட்டது. ஆகையால் பெர்கன் வேண்டாம், படகு வேண்டாம். தண்ணீர் ஓரமாக ஒரு சின்ன வீடு, வாசலில் தண்ணீரைப் பார்த்த மாதிரி பெஞ்சு இருந்தால் போதும். அவளும் மகளும் அதில் உட்கார்ந்து இரண்டு வருஷப் பேச்சைப் பேசி முடிக்கட்டும். நாம் இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்துகொள்வோம். அவள் இப்போதுதான் பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து, தன்னுடையதை மட்டும் கைப்பைக்குள் வைத்தாள். வருகிறாள், மாப்பிள்ளை! பெஞ்சுக்கு இன்றைக்கே சொல்லி வையுங்கள்.