மலக்கு வந்த வாசல்

கல்முனையில் யானைக்கும் பயப்படாத ஆட்கள் உண்டு. எங்கள் பகுதி மலேரியாத் தடுப்பு அலுவலருக்குப் பயப்படாத ஒருவரும் இல்லை. உயிர் எடுக்க வரும் வானவரின் பெயரைச் சுருக்கி, முதுகுக்குப் பின்னால் அவரை ‘மலக்கு’ என்போம்.

சும்மா வைத்த பெயரல்ல. மோட்டார் சைக்கிளை வீதியிலேயே விட்டுவிட்டு, சத்தமில்லாமல் வாசல் படலையில் வந்து நிற்பார். வீட்டில் ஆருக்கும் காய்ச்சலா என்று கேட்பார். இல்லை என்றால், வந்தால் சொல்லுங்கள் என்பார். பாழாய்ப்போன காய்ச்சலும் சில வீடுகளுக்கு அவர் பின்னாலேயே வந்திருக்கிறது. ஒருநாள் பொழுதுபட்டு மஃரிபு தொழும் நேரம், இறக்காமத்து மாட்டுப்பட்டி ஒன்றில், வாயில் கண்ணாடிக் குழாயோடு மாடுகளுக்கு நடுவே அசையாமல் குந்தியிருந்தார். கண்ட வயற்காரர் ஓதிக்கொண்டே ஓடினார். மாட்டைக் கடிக்க வந்த நுளம்பை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டிருந்தவர் குழாயை எடுத்துவிட்டு மரியாதையாக ஸலாம் சொன்னார். ஓட்டம் இரண்டு மடங்கானது.

நாட்டில்தான் மலேரியா ஒழிந்துவிட்டதே, உங்களுக்கு என்ன வேலை என்று ஒருமுறை கிண்டலாகக் கேட்டேன். வரைபடத்தை விரித்தார். மலேரியா நுளம்பு இருக்கும் இடங்களுக்கு நீல வட்டம். காய்ச்சல் இன்னும் ஒழியாத ஆபிரிக்கப் பக்கமிருந்து ஆள் வரும் வீடுகளுக்குச் சிவப்பு வட்டம். எல்லா ஊருக்கும் ஒரே அளவாக ஆள் அனுப்பச் சொன்ன மேலிடத்தோடு, வட்டங்கள் முட்டும் இடங்களுக்கே முதலில் போக வேண்டும் என்று கணக்குக் காட்டிச் சண்டை பிடித்து வென்றவராம். முட்டிய இடமொன்றில் விரலை வைத்தார். என் ராத்தாவின் வீடு. அவளுடைய கணவர், மடகாஸ்கரில் மாணிக்கக்கல் வியாபாரம் செய்த மச்சான், இன்னும் வந்து இறங்கவே இல்லை. டிக்கட் போட்ட கடையில் விசாரித்திருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது நானும் வாய்க்குள் ஓதிக்கொண்டேன்.

மச்சான் வந்தார். ஊரே பார்க்க வந்தது. அந்தக் கிழமையே ஒரு பின்னேரம் பல் கிட்ட நடுங்கினார். கண்ணூறு பட்டுவிட்டது என்று ராத்தா பள்ளி லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிக் கொடுத்தாள். மறுநாள் காய்ச்சலைக் காணோம். வீடே சந்தோஷப்பட்ட நேரம், படலையில் மலக்கு. நேற்றுப் பின்னேரம் நடுங்கியதுதான், இப்போது சுகமாகிவிட்டது என்று ராத்தா கதவை அரைவாசி சாத்தினாள்.

“இண்டைக்கி வராது மகள். நாளைக்கி அசறு பாங்கோட வரும்,” என்றார்.

மீதிக் கதவையும் சாத்திவிட்டாள்.

மறுநாள் பின்னேரம் பள்ளியில் அசறு பாங்கு தொடங்க, மச்சானின் கட்டிலும் ஆடத் தொடங்கியது. கண் செருகியது.

“அந்த மலக்கக் கூட்டிவா தம்பி,” என்றாள் ராத்தா.

கூட்டிவரத் தேவையிருக்கவில்லை. படலையில்தான் நின்றார்.

விரலில் குத்தி இரத்தம் பார்த்து, மலேரியாதான், ஒருநாள் விட்டு ஒருநாள் நேரத்துக்கு வரும் என்று அவரே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார். இன்னும் பிந்தியிருந்தால் ஆள் தப்பியிருக்காது என்றார் டொக்டர். பிறகு வட்டத்துக்குள் இருந்த அயல் முழுக்க விரலில் குத்தினார். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஒன்றும் கிடைக்காததற்கு அப்படிச் சிரித்த மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மச்சானின் இரத்தத்தைப் பார்க்க மாதாமாதம் வந்தார். கடைசித் தடவை, இனி வர மாட்டேன், தேவையில்லை என்றார். நல்ல செய்திதான். ராத்தாவின் முகம் ஏனோ விழுந்துவிட்டது.

“சும்மாவும் வரலாந்தானே சேர்,” என்றாள், கதவை அகலத் திறந்து பிடித்தபடி.