முந்திரிக் கொழுந்தும் என் சட்டைப் பையும்

பெண் பார்க்கப் போகிறவன் சட்டைப் பையில் எதையும் வைத்துக்கொண்டு போகக் கூடாது, பிள்ளைகளே. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நெய்வேலி மைன்ஸில் அப்போதுதான் பர்மனென்ட் ஆகியிருந்தேன். குவார்ட்டர்ஸும் கிடைத்திருந்தது. (ராஜா என்ற நினைப்பு.) உங்கள் அம்மாவைப் பார்க்க முத்தாண்டிக்குப்பம் போனேன். பார்த்ததும் பிடித்துவிட்டது. போகிற வழியில் இருந்த அவர்கள் வீட்டு முந்திரித் தோப்பில்தான் சிக்கல். கொழுந்தெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கொப்பளித்திருந்தது. ஊரில் யாரிடமாவது காட்டிக் கேட்கலாம் என்று ஒரு கை பறித்துப் பையில் திணித்திருந்தேன்.

உங்கள் தாத்தா எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தார்.

"ஒங்க மைன்ஸ் தூசி பட்டுத்தான் எங்கொழுந்து வெந்துகினு கெடக்குது. அங்க வேல பாக்கறவருக்கு எப்பிடிங்க பொண்ணு குடுக்கறது?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என் பையிலிருந்து ஒரு சிவப்புப் புழு நூல் விட்டு இறங்கி, கேசரியில் உட்கார்ந்தது. பின்னாலேயே இன்னொன்று. வெள்ளைச் சட்டை முழுக்கப் புழு.

"மாப்ள ஒடம்புலேருந்தா வருது?" என்றார் உங்கள் ஆயா.

பதறி எழுந்தேன். கேசரித் தட்டு உங்கள் தாத்தா மடியில் கவிழ்ந்தது.

உங்கள் அம்மாதான் என் பையிலிருந்து கீழே விழுந்த இலையை எடுத்துக் கொப்பளத்தைப் பிய்த்தாள். உள்ளே இன்னொரு புழு.

"யப்பா, எலைக்குள்ள இருந்து வருது பாரு. தூசிக்குக் காலு மொளைக்குமா?"

"புழுன்னா பூச்சியாவணும். ஆவட்டும், அப்பறம் பேசலாம்" என்றார் தாத்தா, மடியைத் துடைத்துக்கொண்டே.

என் கல்யாணம் புழுவின் கைக்குப் போய்விட்டது. கண்ணாடிப் புட்டியில் மண் போட்டு அந்தப் புழுக்களை விட்டேன். மண்ணுக்குள் போய்க் கூடு கட்டிக்கொண்டன. ஷிப்டுக்குப் போகும்போது புட்டியைக் கும்பிட்டுவிட்டுப் போவேன். (சாமி படத்தைக்கூட அப்படிக் கும்பிட்டதில்லை.) ஒரு வாரம் கழித்து, அரிசியைவிடச் சின்னதாக, சாம்பலில் வெள்ளி தடவினாற்போல் ஓர் அந்துப்பூச்சி வெளியே வந்தது. அது கொழுந்தில் முட்டை வைக்கும். பொரிந்த புழு இலையின் தோலுக்கடியில் தின்றுகொண்டே போகும். அதுதான் அந்தக் கொப்பளம்.

சைக்கிளில் பறந்தேன். உங்கள் தாத்தா முன்னால் புட்டியைத் திறந்தேன். பூச்சி நேரே போய் அவர் மீசையில் உட்கார்ந்தது. அவர் அசையவில்லை.

"ஏ புள்ள, வெத்தல பாக்கு எடுத்தா" என்றார்.

இன்றைக்கும் கொழுந்து வெளுத்தால் எனக்கு ஆள் அனுப்புகிறார்: "மாப்ள வூட்டு சனம் வந்து எறங்கிடுச்சி, வந்து பாக்கச் சொல்லு."

உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறார்.